ஓர்லாண்டோவில் ஒரே நாளில் ஹவாய் பார்த்துவிடலாமா?

வாசகர் கேள்வி, 2024 மே 4

ஜூனில் குடும்பத்தோடு ஃப்ளோரிடா போகிறோம். ஹவாய் வரை போக பட்ஜெட் இடம் தராது. "யூனிவர்சலின் வால்கேனோ பே நீர்ப் பூங்காவுக்குப் போ, எரிமலை, ரைடு, ஹவாய் கலாச்சாரம் எல்லாம் ஒரே நாளில் முடிந்துவிடும்" என்கிறார் மைத்துனர். போய் வந்தவர்கள் சொல்லுங்கள், நிஜமா?

மே 4, இரவு

ரைடு முழுசாக நிஜம். ஹவாய் கால்வாசி. மைத்துனர் பேச்சை நம்பி டிக்கெட் போடுவது பற்றித் தனியாக ஓர் இழை தொடங்கலாம், அதில் நான் நிறைய எழுதுவேன்.

நாங்கள் டாம்பாவில் இருக்கிறோம். காரை எடுத்தால் ஒன்றரை மணி நேரத்தில் அங்கே. கோடையில் மகளுக்கு வேறு எந்த ஊரும் வேண்டாம். அதனால் இந்த விஷயத்தில் கொஞ்சம் பேச உரிமை உண்டு.

ஓர்லாண்டோவில் 1977 முதல் வெட் அண்ட் வைல்ட் என்ற நீர்ப் பூங்கா இருந்தது. 2016 கடைசி நாளோடு அதை மூடினார்கள். 2017 மே 25-ல் வால்கேனோ பே திறந்தது. நடுவில் 200 அடி உயரத்துக்கு ஓர் எரிமலை, பெயர் கிரகடாவு. பகலில் அருவி கொட்டும், இருட்டினால் சிவப்பு விளக்கில் லாவா வழியும். கதையும் உண்டு: வட்டூரி என்ற மக்கள் புது நிலம் தேடிப் படகில் கிளம்பினார்களாம், குனுக்கு என்ற ஜொலிக்கும் மீன் வழிகாட்டியதாம். அப்படி ஒரு மக்கள் உலகத்தில் எங்கும் கிடையாது. பூங்காவுக்காக எழுதிய கதை. ஹவாய், மாவோரி, தஹித்தி என்று பசிபிக் முழுக்கக் கையில் கிடைத்ததை எடுத்துக் கலந்திருக்கிறார்கள். ஒரு சறுக்கின் பெயரில் ஹவாயின் கடலாமை இருக்கும், பக்கத்துச் சறுக்கின் பெயரில் நியூசிலாந்து மாவோரிகளின் நீர்ப் பூதம் இருக்கும்.

போங்கள், ஆனால் கலாச்சாரம் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு போகாதீர்கள்.

மே 5, காலை

"எரிமலை இருந்தால் ஹவாய்தானே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை சாமி. கிரகடாவு இருப்பது இந்தோனேசியாவில், ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் நடுவே. 1883-ல் வெடித்துச் சிதறிய அதே எரிமலைதான். ஹவாய், தஹித்தி, நியூசிலாந்து எல்லாம் அடங்கிய பாலினீசியாவோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ஹவாய் எரிமலைகள் இப்படிக் கூம்பாகவும் நிற்காது. அங்கே லாவா இளகலாக, வெகுதூரம் ஓடிப் படிகிறது. அதனால் மலை அகலமாகப் பரவிக் கிடக்கும். மவுனா லோவா கடல்மட்டத்திலிருந்து 4,169 மீட்டர். அந்தத் தீவின் ஹீலோ ஊரில் காரை விட்டு இறங்கிய என் கணவர், "மலை எங்கே?" என்று கேட்டார். மலை மேல்தான் நின்றுகொண்டிருந்தோம்.

மே 5, மாலை

சரி, ரைடுகளுக்கு வருகிறேன். எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லப் போவதில்லை.

கோ'ஓகிரி பாடி பிளஞ்ச். எரிமலைக்குள்ளேயே படியேறிப் போக வேண்டும், முட்டி வலி இருப்பவர்கள் அங்கேயே முடிவு செய்துகொள்ளலாம். மேலே ஒரு கூண்டு. உள்ளே நின்று, காலைக் குறுக்கே போட்டு, கையை மார்பில் கட்டிக்கொள்ளச் சொல்வார்கள். காலுக்கு அடியில் இருப்பது தரை இல்லை, கதவு. அது திறக்கும். 70 டிகிரி சரிவு, 125 அடி. பயம் விழுவதில் இல்லை, திறப்பதற்கு முன்னால் நிற்கும் அந்த நேரத்தில்தான் இருக்கிறது. விழ ஆரம்பித்த பிறகு யோசிக்க மூளைக்கு அவகாசமே கிடைப்பதில்லை. முதுகு எங்கோ ஓரிடத்தில் சறுக்கைத் தொடும், அப்புறம் மூக்கு நிறையத் தண்ணீர். கீழே ரீஃப் என்ற குளத்தில் சும்மா கிடப்பவர்களுக்கு நீங்கள் குழாய் வழியே பாய்வது தெரியும். என் மகள் அங்கே நின்று அப்பாவின் முகத்தைப் பார்க்கத்தான் காத்திருப்பாள்.

ஆனால் என்னைக் கேட்டால் அந்தப் பூங்காவில் முதலிடம் கிரகடாவு அக்வா கோஸ்டருக்குத்தான். நான்கு பேர் உட்காரும் படகு. இறங்கும்போது சாதாரணச் சறுக்கு மாதிரிதான். திடீரென்று மேட்டில் ஏறும். தண்ணீர் தள்ளுவதில்லை. சறுக்கின் தளத்தில் மோட்டார் சுருள்களை நீளவாக்கில் பதித்திருக்கிறார்கள், ஓடும் காந்தப்புலம் படகின் அடியில் உள்ள உலோகத் தகட்டைப் பிடித்து மேலே தள்ளுகிறது. நேரியல் தூண்டல் மோட்டார் என்று பொறியியல் வகுப்பில் படித்துவிட்டு மறந்தவர்கள் போய் உட்கார்ந்து பார்க்கலாம். வயிற்றுக்கு அது நன்றாகவே புரியும்.

ஓயா, ஓனோ என்று இரட்டைச் சறுக்குகள். தண்ணீருக்குக் கொஞ்சம் மேலேயே முடிந்துவிடும், ஒன்று 4 அடி உயரத்தில், இன்னொன்று 6 அடியில். மீதியை நீங்கள் காற்றில் கடக்க வேண்டும். ஆழம் அதிகம், நீந்தத் தெரியாதவர்கள் விட்டுவிடுங்கள்.

மே 7

"மாமியார் வருகிறார், அவர் அங்கே என்ன செய்வார்?" நல்ல கேள்வி. என் அத்தை கரூரிலிருந்து வந்திருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன்.

முதல் பிரச்சினை உடை. புடவையோடு சறுக்க முடியாது. ஜிப், உலோகப் பொத்தான் இருக்கிற உடையும் சறுக்கில் ஆகாது. முழுக்கை நீச்சல் சட்டையும் முட்டிக்குக் கீழே வரும் லெகிங்ஸும் வாங்கிக் கொடுத்தோம். "இது வெளியில் போடுகிற துணியா?" என்றார், போட்டுக்கொண்டார். இரண்டாவது, தாலி. கழற்ற மாட்டேன் என்றார். நியாயம்தான். சட்டைக்குள் விட்டுக் கழுத்து வரை மூடினோம். தாலியில் ஊக்கு கோத்து வைக்கும் பழக்கம் இருந்தால் அதை மட்டும் வீட்டிலேயே எடுத்துவிடுங்கள், மிதவையில் குத்தும்.

கோபிகோ வாய் என்ற சோம்பல் ஆறுதான் அவர் இடம். டியூபில் உட்கார்ந்தால் போதும், அதுவே இழுத்துக்கொண்டு போகும். ஒரு கட்டத்தில் எரிமலைக்குள்ளேயே நுழையும், இருட்டில் மேலே நட்சத்திரங்கள். மதியம் வரை அத்தை இறங்கவில்லை. பக்கத்து டியூபில் ஒரு போர்ட்டோ ரிக்கோ பாட்டி. இருவருக்கும் பொது மொழி எதுவும் இல்லை. எத்தனை பேரப்பிள்ளைகள் என்பது வரை பேசி முடித்திருந்தார்கள்.

எச்சரிக்கை: பக்கத்திலேயே டே ஆவா என்று இன்னோர் ஆறு உண்டு. அது வேகமானது, எல்லோரும் உயிர்காப்புச் சட்டை போட்டுத்தான் இறங்க வேண்டும். பலகையைப் படிக்காமல் மாமியாரை அதில் இறக்கிவிட்டு என்னிடம் வராதீர்கள்.

கையில் டாப்பு டாப்பு என்ற பட்டை கட்டுவார்கள். ரைடு வாசலில் அதைத் தொட்டால் உங்கள் முறை எப்போது என்று காட்டும், அதுவரை வெயிலில் நிற்காமல் தண்ணீரில் கிடக்கலாம். லாக்கரும் அதிலேயே திறக்கும். காலையில் கதவு திறக்கும்போதே போய்விடுங்கள். ஃப்ளோரிடாவில் ஜூன் பிற்பகல் என்றால் இடி. இடித்தால் ரைடுகளை நிறுத்திவிடுவார்கள்.

மே 12

"பழங்குடிப் பண்பாட்டைப் பொம்மையாக்கி விற்கிறார்கள், யாரும் போகக் கூடாது" என்று ஒரு நண்பர் நீளமாக எழுதியிருக்கிறார். கோபத்தில் உண்மை இருக்கிறது. முகமூடித் தூண், தீப்பந்தம், மூங்கில் என்று 1930-களில் ஹாலிவுட் மது விடுதிகளில் ஆரம்பித்த 'டிக்கி' அலங்காரம் இது, பசிபிக் தீவுகளைக் கண்ணால் பார்க்காதவர்களுக்காகச் செய்தது. 1959-ல் ஹவாய் அமெரிக்க மாநிலமானது, ஜெட் விமானம் வந்தது, மோகம் உச்சிக்குப் போனது. கலிஃபோர்னியா டிஸ்னிலாண்டில் பாடும் பறவை பொம்மைகளோடு டிக்கி ரூம் திறந்தது 1963 ஜூன் 23-ல்.

ஆனால் நான் 4-ஆம் தேதி எழுதிய "கால்வாசி" என்ற கணக்கை இந்த ஒரு வாரமாக மனதுக்குள் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். அலங்காரத்தைத் தள்ளிவிட்டால் மிச்சம் இருப்பது என்ன? ஓர் எரிமலை, அதன் சரிவில் மனிதர்கள் சறுக்குகிறார்கள். அதுதான் அந்தப் பூங்காவிலேயே அசல் ஹவாய். கட்டியவர்களுக்கு அந்த எண்ணம் இருந்ததோ இல்லையோ.

ஹவாயில் ஹோலுவா என்று ஒரு விளையாட்டு இருந்தது. மலைச் சரிவில் லாவாக் கற்களை அடுக்கிப் பாதை போட்டு, மேலே மண்ணும் புல்லும் பரப்பி, அதன்மேல் சறுக்குக் கட்டையில் பாய்வார்கள். பனிச்சறுக்கு மாதிரிதான், பனி மட்டும் கிடையாது. கீழே இருப்பது லாவாக் கல். முக்கியமாகத் தலைவர்களின் விளையாட்டு.

ஹவாய் தீவின் பூனா பகுதியில் (நம்ம புனே இல்லை) கஹவாலி என்ற தலைவன் ஊர் கூடிப் பார்க்கச் சறுக்கிக்கொண்டிருந்தான். எரிமலைத் தெய்வம் பெலே சாதாரணப் பெண் வடிவில் வந்து, "என்னோடு போட்டிக்கு வா" என்றாள். வந்தான், ஜெயித்தான். கட்டை சரியில்லை, உன்னுடையதைக் கொடு என்று கேட்டாள். "நீ என்ன என் மனைவியா?" என்கிற மாதிரி ஏதோ சொல்லிவிட்டுத் தானே அடுத்த சுற்று இறங்கினான். அவள் காலால் தரையை உதைத்தாள். மலை பிளந்தது. பாதி வழியில் திரும்பிப் பார்க்கிறான், இடியும் மின்னலுமாக லாவாவின் முகப்பில் அவள் வருகிறாள்.

கட்டையைப் போட்டுவிட்டு ஓடினான். வழியில் பிரியமான பன்றி எதிர்ப்பட்டது, மூக்கோடு மூக்கு வைத்து விடைபெற்றான். அம்மா வீட்டுக்கு ஓடினான், அவளிடமும் அப்படியே. மனைவி, "இங்கேயே இரு, சேர்ந்து சாவோம்" என்றாள். இவன் நிற்கவில்லை. கடற்கரையில் ஒரு படகு கிடைத்தது, ஏறித் தப்பித்தான். பெலே கரையிலிருந்து கற்களை வீசினாள்.

1823-ல் அந்தத் தீவைச் சுற்றி வந்த வில்லியம் எல்லிஸ் என்ற மிஷனரி இதைக் கேட்டு எழுதி வைத்தார். அந்தப் பகுதி மக்களுக்கு இது பழங்கதை மட்டும் இல்லை. 2018-ல் கிலாவேயா எரிமலை வெடித்தபோது அதே பூனாவில் 700-க்கும் மேற்பட்ட வீடுகளை லாவா மூடியது. பெலே தன் நிலத்தை எடுத்துக்கொள்கிறாள் என்று சொன்னவர்கள் நிறைய.

மே 13

கஹவாலி மனைவியை விட்டுவிட்டுப் பன்றியிடமா முதலில் விடைபெற்றான் என்று கேட்கிறீர்கள். ஆமாம், பன்றிக்கு முதலில், மனைவிக்குக் கடைசியில். வழியில் எது முதலில் வந்ததோ அந்த வரிசை என்று கஹவாலி சார்பில் என் கணவர் வாதாடுகிறார். அவரும் அவர் தம்பியும் சேர்ந்து வாதாடுவதைப் பார்த்தால் சந்தேகமாகத்தான் இருக்கிறது.

மே 19

ஹோலுவா இப்போதும் உண்டா என்று கேட்டவருக்கு.

கட்டை எப்படி இருக்கும் என்று முதலில் சொல்கிறேன், ஹொனலூலுவின் பிஷப் அருங்காட்சியகத்தில் பழைய ஒன்று இருக்கிறது. இரண்டு நீண்ட மரச் சட்டங்கள், சுமார் 12 அடி. நடுவே சில அங்குல இடைவெளிதான், குறுக்குக் குச்சிகள் கட்டியிருக்கும். இவ்வளவு ஒல்லியான ஒன்றின் மேல் ஒரு பெரிய ஆள் ஓடி வந்து குப்புற விழுந்து, தலை முன்னால் போகச் சரிவில் இறங்குவார். பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. அதைப் படித்த பிறகு கோ'ஓகிரியைப் பார்த்தால் தொட்டில் மாதிரி இருக்கிறது.

மிஷனரிகள் வந்த பிறகு சர்ஃபிங், ஹூலா நடனம் மாதிரியே இதையும் வீண் வேலை என்று ஒதுக்கினார்கள், 19-ஆம் நூற்றாண்டில் மங்கிப்போனது. சர்ஃபிங் தப்பித்தது, பெரிதும் வைகிகி கடற்கரைப் பையன்களால். அவர்களில் ஒருவர் டியூக் கஹனமோகு. 1912 ஒலிம்பிக்கில் 100 மீட்டர் நீச்சலில் தங்கம் வாங்கிவிட்டு, போன நாடெல்லாம் அலைப்பலகையைக் காட்டினார். ஹோலுவாவுக்கு அப்படி ஒரு தூதர் அமையவில்லை. நம் காலத்தில் டாம் போஹாகு ஸ்டோன் என்ற சர்ஃபர் பழைய முறையில் கட்டை செய்து, சறுக்கிக் காட்டி, இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுத்து மீட்டிருக்கிறார்.

பழைய ஹோலுவாப் பாதைகளில் பெரியது ஹவாய் தீவில் கோனா பக்கம் கியாவுஹோவில் இருக்கிறது. 1962-ல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள். நாங்கள் பார்த்தோம். முதலில் வெறும் கற்குவியல் மாதிரிதான் தெரியும். அதன் கோட்டைக் கண்ணால் பிடித்துக்கொண்டு கடல் வரை இறங்கிப் பார்த்தால் வயிறு கலங்கும். ஏறக் கூடாது.

மே 26

மேலே டிஸ்னியைத் தொட்டேன், உடனே ஔலானி பற்றி மூன்று கேள்விகள். அது ஹவாயின் ஓஹூ தீவில் கோ ஒலினாவில் 2011 ஆகஸ்ட் 29-ல் திறந்த டிஸ்னி விடுதி. தீம் பார்க் இல்லை. சறுக்கும் ஆறும் குளமும் தங்குபவர்களுக்கு மட்டும். வடிவமைப்பை நடத்திய ஜோ ரோடி சிறுவயதை ஹவாயில் கழித்தவர். உள்ளூர் ஓவியர்கள், சிற்பிகளின் வேலைகள் சுவர் சுவராக இருக்கின்றன. குளத்தைச் சுற்றிப் பாறை இடுக்குகளில் மெனெஹூனே என்ற புராணக் குள்ளர்களின் சிலைகளை ஒளித்து வைத்திருக்கிறார்கள், என் மகள் சறுக்குவதை விட்டுவிட்டு அதைத் தேடிக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பிடித்தது சறுக்கு இல்லை. அங்கே ஒரு மதுக்கூடம், ஓலெலோ ரூம். ஹவாய் மொழி பேசத் தெரிந்தவர்கள் பரிமாறுகிறார்கள். நான் அன்னாசிச் சாறுதான் குடித்தேன், ஆனால் நீண்ட நேரம் உட்கார்ந்திருந்தேன். 1896-ல் சட்டம் போட்டுப் பள்ளிக்கூடங்களிலிருந்து வெளியேற்றிய மொழி அது. 1978-ல்தான் மாநில ஆட்சிமொழி ஆனது. 1984-ல் பெற்றோர்கள் சேர்ந்து மழலையர் பள்ளி தொடங்கி மறுபடி பிள்ளைகள் வாயில் கொண்டுவந்தார்கள். பரிமாறிய பெண்ணிடம் வீட்டில் யார் பேசுவார்கள் என்று கேட்டேன். தம்பி தங்கையோடு மட்டும், அம்மாவுக்குப் புரியாது என்றாள். என் மகளுக்கும் எனக்கும் இடையே அது தலைகீழாக நடந்துகொண்டிருக்கிறது என்பதால் மேலே ஒன்றும் கேட்கவில்லை.

விலை? கேட்காதீர்கள். ஒரு தடவை போதும்.

மே 26, சற்று நேரம் கழித்து

அன்னாசி என்றதும் ஞாபகம் வந்தது. டிக்கி ரூம் வாசலில் வரிசை கட்டி வாங்குகிறார்களே டோல் விப் என்ற அன்னாசிக் குளிர் இனிப்பு, அந்த டோல் யார்? 1893-ல் லிலியுஓகலானி அரசியை அமெரிக்க வியாபாரிகள் கூட்டம் ஆட்சியிலிருந்து இறக்கியது. அடுத்து அமைந்த குடியரசின் தலைவர் சான்ஃபோர்ட் டோல். அவருடைய உறவினர் ஜேம்ஸ் டோல் 1899-ல் வந்து இறங்கினார், 1901-ல் அன்னாசிக் கம்பெனி ஆரம்பித்தார், 1922-ல் லானாய் தீவையே ஏறக்குறைய முழுதாக வாங்கினார். அன்னாசியின் பூர்வீகமும் தென் அமெரிக்கா. இவ்வளவையும் வரிசையில் நின்றபடி கணவரிடம் சொல்லி முடித்தேன். "சரி, உனக்கு வேண்டுமா வேண்டாமா?" என்றார். வேண்டும் என்றேன்.

ஜூன் 2

சைவம் கேட்டவர்களுக்கு: வால்கேனோ பேயில் பட்டினி கிடக்க மாட்டீர்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

ஹவாய்க்கே போனால் 'போய்' (poi) என்ற உணவைக் கேட்டு வாங்குங்கள். சேப்பங்கிழங்கை வேகவைத்துக் கல்லில் இடித்து நீர் விட்டுக் குழைத்தது. ஊதா நிறம். ஓரிரு நாள் புளிக்கவிட்டும் சாப்பிடுவார்கள். முதல் வாய்க்கே "ஐயோ இது கூழ்" என்று அத்தை சொன்னார், மோரும் சின்ன வெங்காயமும் தேடினார். சேப்பங்கிழங்கை அவர்கள் மனிதனுக்கு மூத்த அண்ணனாகவே வைத்திருக்கிறார்கள்: இறந்து பிறந்த முதல் குழந்தையைப் புதைத்த இடத்தில் செடி முளைத்தது, அடுத்துப் பிறந்தவன்தான் மனிதர்களின் மூதாதை. நாம் அண்ணனை எண்ணெயில் போட்டு வறுத்துக்கொண்டிருக்கிறோம்.

ஜூன் 9

டோக்கியோவில் இருக்கும் ஒரு தம்பி, ஜப்பானிலும் ஒரு ஹவாய் இருக்கிறது, நீங்கள் அதைச் சொல்லவில்லையே என்கிறார். அருமையான இடம், நான் போனதில்லை, ஆனால் விஷயம் தெரியும். ஃபுகுஷிமா மாகாணம் இவாகியில் நிலக்கரிச் சுரங்கம் இருந்தது. தோண்டினால் வெந்நீர் ஊற்று பொங்கும், சுரங்கக்காரர்களுக்கு அது பெரிய தொல்லை. நிலக்கரிக்கு மவுசு குறைந்து ஆட்களை வெளியேற்றும் நிலை வந்தபோது, கம்பெனி அந்த வெந்நீரையே முதலீடாக வைத்தது. 1966 ஜனவரியில், குளிர்காலத்தின் நடுவில், கண்ணாடிக் கூரைக்குள் தென்னை மரங்களோடு ஹவாயன் சென்டரைத் திறந்தார்கள். ஆட யாரை வைத்தார்கள் தெரியுமா? பெரும்பாலும் சுரங்கத் தொழிலாளர் வீட்டுப் பெண்கள். அவர்களுக்காகப் பள்ளி நடத்தி ஹூலா கற்றுக்கொடுத்தார்கள். திறப்பதற்கு முன் அந்தப் பெண்கள் ஊர் ஊராகப் போய் ஆடி விளம்பரம் செய்தார்கள். 2011 நிலநடுக்கத்தில் இடம் சேதமாகி மூடியபோது, அவர்களின் வாரிசுகள் மறுபடி ஊர் ஊராகக் கிளம்பினார்கள், இந்த முறை நிவாரண முகாம்களுக்கும். 2012 பிப்ரவரியில் முழுசாகத் திறந்தது.

இதையும் பொம்மை என்பீர்களா, மே மாதம் கோபப்பட்ட நண்பரே? ஹவாய்க்குச் சம்பந்தம் இல்லாத ஊரில் கட்டிய இடம்தான். ஆனால் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆடி ஆடி அது அந்த ஊரின் சொந்த வேலை ஆகிவிட்டது. வட்டூரி மக்களுக்கு அப்படி ஆட யாரும் இல்லை, எனக்கு உறுத்துவது அதுதான். தம்பிக்கு: பிக் அலோஹா என்ற சறுக்கு 2017-ல் வந்தது, உயரம் 40.5 மீட்டர், நீளம் 283 மீட்டர். போய்விட்டு வந்து எழுதுங்கள்.

ஜூன் 15

முதலில் கேட்டவர் போய் வந்துவிட்டாராம். மைத்துனரும் கூடவே போயிருக்கிறார், கோ'ஓகிரி கூண்டு வரை ஏறிப் படி வழியாகவே இறங்கிவிட்டாராம். அவமானம் ஒன்றும் இல்லை, பலர் அப்படித் திரும்புகிறார்கள்.

இப்போது அவர்களுக்கு நிஜ ஹவாய் ஆசை வந்துவிட்டது, அடுத்த வருஷம் போகிறார்களாம். ஒன்று மட்டும்: ஃப்ளோரிடாவில் வாங்கிய சன்ஸ்கிரீனை அப்படியே பெட்டியில் போடாதீர்கள், பின்பக்கம் படியுங்கள். ஆக்சிபென்சோனும் ஆக்டினாக்சேட்டும் பவளப்பாறைக்குக் கேடு என்று 2021 ஜனவரி முதல் அங்கே அவை கலந்ததை விற்கத் தடை. துத்தநாக ஆக்சைடு கலந்தது வாங்குங்கள். எளிதில் தோலோடு கலக்காது, படங்களில் எல்லோரும் வெள்ளை வெளேர் என்று வருவீர்கள். குடும்பப் படத்தை மைத்துனர் பூசிக்கொள்வதற்கு முன்னாலேயே எடுத்துவிடுங்கள்.